கையிருப்பு

கடை மூடிய பிறகுதான் வெர்லீன் டாக்கெட்டுக்கு வேலை.
ஹேகர்ஸ்டவுனில், சில வாரம் மலைக்கு அந்தப் பக்கம் கம்பர்லாந்தில்,
ஆளில்லாத அலமாரிகளுக்கு நடுவே
இடுப்பில் தொங்கும் கருவியோடு நடந்து
இருப்பதை எண்ணுவாள்.
சலவைத்தூள் நாற்பத்தொன்று. நாய் பிஸ்கட் பதினேழு.
உடைந்தது இரண்டு;
அதற்குத் தனிப் பொத்தான்.

கேபிள் டிவியை நிறுத்திய காசில்
ஒரு படிப்பு வாங்கினாள்.
தொடக்ககால அமெரிக்க வரலாறு, மூன்று கிரெடிட்,
மாதம் ஐம்பத்தொன்பது டாலர்.
முடிக்கும்வரை மாதாமாதம் கட்ட வேண்டும்.
சீக்கிரம் படித்தால் லாபம்.
நூறு ஆண்டுகளை நான்கே இரவில் விழுங்கினாள்,
மென்று பார்க்க நேரமில்லை.

பேராசிரியர் முப்பத்தெட்டு வீடியோவிலும்
அதே பழுப்புக் கோட்டில் வருகிறார்.
முதல் குடியேற்றத்தில் தளும்பிய கண்ணாடி டம்ளர்
பாஸ்டனில் தேயிலையைக் கொட்டும்போது பாதி.
எல்லாம் ஒரே நாளில் பேசியது.
எண்ணிப் பிழைக்கிறவள் கண்ணுக்கு அது தப்புமா?

சலவை நிலையத்தில், சோப்புப் பெட்டிமேல் போனைச் சாய்த்து
துணி சுற்றும் நேரமெல்லாம் பாடம்.
ஆண்டுகள் மட்டும் மனசில் நிற்கவில்லை.
பாரிஸுக்குப் போய்ப் போய்
எத்தனை ஒப்பந்தம்தான் போடுவார்கள் இவர்கள்!

ஆறாம் அலகில் ஒரு தாள் வந்தது.
செத்துப்போன புகையிலை விவசாயியின் சொத்துப் பட்டியல்,
1684, மேரிலாந்து.
அக்கம்பக்கத்தார் இருவர் வந்து எண்ணி எழுதியது.
விலையெல்லாம் புகையிலை எடையில்.
கையெழுத்து நண்டு நடை;
கீழே அச்சில்:

இரும்புப் பானை ஒன்று, விரிசலோடு.
பழைய இறகு மெத்தை, பாதி.
கன்று ஈனாத பசு ஒன்று.
வேலையாள் ஒருவன், இன்னும் இரண்டு வருடம் மூன்று மாதம்.
தூண்டில் முள், கயிறு வகையறா.

இயந்திரம் நின்றதை வெர்லீன் கவனிக்கவில்லை.

கப்பல் கூலிக்கு ஈடாகத் தம் வருடங்களை
எழுதிக் கொடுத்தவர்களைப் பற்றி
எட்டு நிமிடம் பேசினார் பேராசிரியர்.
அவள் யோசனை வேறு.
பசுவை எழுதி முடித்து
பேனாக்காரன் திரும்பியபோது
அந்த ஆள் எங்கே நின்றிருப்பான்?
மெத்தையைத் தூக்கிக் காட்டியதும் அவன்தானோ?
எத்தனை மாதம் பாக்கி என்று
அவனையே கேட்டிருப்பார்கள்.
நாள் கணக்காகச் சொல்லியிருப்பான்.
அது சரி, மெத்தையின் மறுபாதி
யாரிடம்?

தேர்வில் இதெல்லாம் கேட்கவில்லை.
நான்கு விடையில் ஒன்றைத் தொட்டாள், பச்சையானது.

அன்றிரவு கம்பர்லாந்தில், பன்னிரண்டாம் வரிசையில்
இரும்பு வாணலி ஆறு.
ஏழாவது பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதா என்று
கை விட்டுப் பார்த்தாள்.
மேற்பார்வையாளர் டுவைட்டின் திரையில்
அவள் பெயருக்கு எதிரே ஓர் எண்:
மணிக்கு எண்ணூற்று முப்பது.
போன வாரத்தைவிடக் குறைவு என்றான்,
கடிந்து அல்ல, வெறுமனே வாசித்தான்.

விடியும் முன் காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு
ரசீது ஒன்றின் பின்பக்கம் எழுதினாள்:
கார் ஒன்று, இடது கதவு நசுங்கியது,
பதினான்கு தவணை பாக்கி.
அதற்குக் கீழே தன் பெயரை எழுதப் போய்
பேனாவை மூடினாள்.

மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள்.
மீதி அலகுகளை ஓட்டமாக ஓடியிருந்தால்
முடித்திருக்கலாம்.
ஆனால் ஏழாம் அலகின் பட்டியல்களில்
பெயர் இருக்கும், மாதம் இருக்காது;
அங்கே தவணை தீரவே தீராது.
இதை டாக்கெட் வீட்டுப் பெண்ணுக்கு
எந்தக் கோட்டும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

வீடியோவை நிறுத்திவிட்டுத் தாளை மட்டும் திறந்தாள்.
விரலால் பெரிதாக்கி, ஒரு வரிக்கு ஒரு மூச்சு.
மோல். ஜூபா. கிழவன் நெட், விலை இல்லை.
இன்னொரு ஐம்பத்தொன்பது டாலர் போயிற்று.
போகட்டும்.

குழந்தை ஒன்று, பெயர் எழுதவில்லை.

அந்த வரியில் போன் மங்கி அணைந்தது.
தொட்டு எழுப்பினாள்.